பாதி வழியில் திரும்ப முடியுமா? விண்பயணக் கதை எழுதுவோர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகள் பெரும்பாலும் பயணக் கணக்கைப் பற்றியவை: எத்தனை நாள், எத்தனை டன், யாருக்கு எவ்வளவு சாப்பாடு. இதைக் கதை முடிந்த பிறகு ஒட்டிக்கொள்ளும் வேலையாக நினைக்காதீர்கள். விண்பயணக் கதையில் நெருக்கடி பிறப்பதே இந்தக் கணக்கிலிருந்துதான். அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கின்றன.

கே: என் கதையில் நான்கு பேர் செவ்வாய்க்குக் கிளம்புகிறார்கள். நூறாவது நாள், கலத்தின் பொறியாளருக்கு அவருடைய அம்மா உடம்பு மோசமாகக் கிடக்கிறார் என்று செய்தி வருகிறது. உடனே கலத்தைத் திருப்பினால் எத்தனை நாளில் பூமிக்கு வரலாம்? – மதுரை வாசகி

ப: திருப்ப முடியாது. பூமி சூரியனை வினாடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. செவ்வாய்க்குக் கிளம்பும் கலம் அந்த வேகத்தோடு இன்னும் 3 கி.மீ. சேர்த்துக்கொண்டு, சூரியனைச் சுற்றும் வேறொரு நீள்வட்டப் பாதையில் ஏறிவிடுகிறது. எஞ்சின் எரிவது தொடக்கத்தில் சில நிமிடங்கள் மட்டும். அதன்பின் கலம் தானாகப் போகிறது. நூறாவது நாளில் அந்தப் பாதையை முறித்துக்கொண்டு, இதற்குள் வேறெங்கோ போய்விட்ட பூமியைப் பிடிக்க வேண்டுமானால், கொண்டுவந்திருக்கும் எரிபொருளைப் போல் பல மடங்கு வேண்டும்.

முழுப் பயணத்தின் நாள்கணக்கு இது. குறைந்த எரிபொருளில் போகும் பாதையில் போக 259 நாள். போய்ச் சேரும்போது பூமி கலத்தை முந்தி 75 பாகை முன்னால் போயிருக்கும். திரும்புவதற்கோ அது செவ்வாய்க்கு 75 பாகை பின்னால் இருக்க வேண்டும். அந்த நிலை வரச் சுமார் 455 நாள் காத்திருக்க வேண்டும். திரும்பி வர இன்னும் 259. ஆக 973 நாள். கிளம்பும் வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்தது 26 மாதம் கழித்துத்தான்.

உங்கள் பொறியாளருக்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதை முதல் அத்தியாயத்திலேயே போட்டுவைக்க வேண்டும். பூமியின் தாழ்வான சுற்றுப்பாதையிலிருந்து கிளம்ப வழக்கமாக வினாடிக்கு 3.6 கி.மீ. வேக மாற்றம் தேவை. அதை 4.3 ஆக்கினால் கலம் சரியாக இரண்டு ஆண்டில் சூரியனை ஒரு சுற்று சுற்றும் பாதையில் விழும். எஞ்சினை மறுபடி தொடாவிட்டாலும் 730-வது நாள் பூமியிடம் வந்துவிடும். இந்தப் பாதை செவ்வாயின் சராசரித் தூரத்தை ஏறத்தாழ 127-வது நாளிலேயே எட்டுகிறது. அதாவது செய்தி வந்த பிறகு நான்கு வாரம்கூட அவகாசமில்லை. இறங்குவதா, கடந்து போய்விடுவதா என்று நான்கு பேரும் முடிவு செய்தாக வேண்டும். கடந்து போவதென்றால் செவ்வாயை விட்டு நன்றாக விலகிப் போகும்படி முன்கூட்டியே பாதையைத் திருத்த வேண்டும். நெருங்கினால் அதன் ஈர்ப்பு பாதையை வளைத்துவிடும்.

இந்தப் பாதைக்கு விலையும் உண்டு. செவ்வாயை நெருங்கும்போது கலம் அதைப் பொறுத்து வினாடிக்கு 9 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டிருக்கும். எஞ்சினால் மட்டும் நிறுத்த வேண்டுமானால் சுமார் 7 கி.மீ. வேக மாற்றம் தேவை. ஆகவே வெப்பக் கவசத்தோடு செவ்வாயின் காற்றில் உரசித்தான் வேகம் குறைக்க வேண்டும். கவசத்தில் கோளாறு என்றால் இறங்கும் பேச்சே கிடையாது.

இன்னொன்று: பல மாதம் சும்மா கிடந்த எஞ்சின் மறுபடி பற்றுமா என்ற பயம் எழுதத் தகுந்தது. மங்கள்யான் 2013 டிசம்பர் தொடக்கத்தில் பூமியை விட்டது. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. அதன் 440 நியூட்டன் திரவ எஞ்சின் சுமார் 300 நாள் உறங்கிக் கிடந்தது. நுழைவதற்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 22 அன்று, சுமார் 4 வினாடி மட்டும் எரியவிட்டுச் சோதித்தார்கள். உங்கள் கதையிலும் அப்படி ஒரு சோதனை இருக்கட்டும்.

கே: எரிபொருள் எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது? பள்ளிக் கணக்கு அளவில் சொல்லுங்கள். – ஈரோடு வாசகர்

ப: இரண்டு எண் போதும். ஒன்று, பயணத்துக்குத் தேவையான மொத்த வேக மாற்றம். மற்றது, எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகம். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 2.718-ஐ அந்த விடையின் அடுக்குக்கு உயர்த்துங்கள். கிளம்பும்போது கலத்தின் எடை, எரிபொருள் தீர்ந்த பின் உள்ள எடையைப் போல் அத்தனை மடங்கு.

259 நாள் பாதைக்குப் போட்டுப் பார்ப்போம். கிளம்ப 3.6, செவ்வாயின் தாழ்வான சுற்றுப்பாதையில் நிற்க 2.1, திரும்பக் கிளம்ப 2.1, மொத்தம் 7.8 கி.மீ. பூமிக்கு வரும்போது ஆட்கள் இருக்கும் கூண்டு நேராகக் காற்றுமண்டலத்தில் நுழைந்துவிடும், எரிபொருள் வேண்டாம். திரும்பி வரும் கலம் 60 டன் என்று வையுங்கள்.

ஹைட்ரஜன்–ஆக்சிஜன் எஞ்சினில் வாயு வேகம் 4.4 கி.மீ. விடை 5.9 மடங்கு: கிளம்பும்போது 353 டன், அதில் 293 டன் எரிபொருள். மீத்தேன்–ஆக்சிஜன் என்றால் 3.6 கி.மீ.; 8.7 மடங்கு, 524 டன். அணு உலையில் ஹைட்ரஜனைச் சூடாக்கிப் பீய்ச்சும் எஞ்சினில் சுமார் 8.8 கி.மீ.; 2.4 மடங்கு, 146 டன்.

இதைப் பார்த்ததும் எல்லாரும் அணு எஞ்சினைத்தான் எடுப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். திரவ ஹைட்ரஜன் ஒரு கன மீட்டர் 71 கிலோதான். 86 டன்னுக்கு 1,200 கன மீட்டருக்கு மேல் தொட்டி வேண்டும். அதை மைனஸ் 253 டிகிரியில் மாதக்கணக்காக வைத்திருக்க வேண்டும். வெயில் பட்டால் ஆவியாகும், அழுத்தம் ஏறும், வால்வைத் திறந்து வெளியே விட்டாக வேண்டும். திரும்பி வருவதற்கான ஹைட்ரஜன் காத்திருக்கும் 455 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடாதிருக்கக் குளிரூட்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குளிரூட்டி நின்ற நாளிலிருந்து கதை வேகம் பிடிக்கும். மீத்தேனும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குளிர வேண்டாம், தொட்டியும் சிறியது. அதனால்தான் எடை கூடினாலும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பலர் தவறும் இடங்கள் இரண்டு. காலித் தொட்டியின் எடையை அந்த 60 டன்னில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அடுத்து, கணக்கை முதலிலிருந்து போடுகிறார்கள். கடைசி எரிப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். திரும்பும்போது 60 டன்னாக இருக்க, செவ்வாயில் கிளம்பும்போது எவ்வளவு. அந்த எடையை நிறுத்த எவ்வளவு. அதையெல்லாம் பூமியிலிருந்து தள்ள எவ்வளவு. நடுவில் எதையாவது கழற்றி எறிந்தால் அந்தந்த இடத்தில் கழித்துக்கொள்ளலாம். குப்பையைக்கூட எரிப்புக்கு முன்பே வெளியேற்றுவது லாபம்.

கே: திரும்பி வர எரிபொருளைச் செவ்வாயிலேயே தயாரிக்கலாம் என்கிறார்களே? – கோவை வாசகர்

ப: செய்யலாம். அளவைப் பார்த்து எழுதுங்கள். பெர்சிவரன்ஸ் ஊர்தியில் போன மாக்ஸி என்ற கருவி 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி, செவ்வாயின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. உச்சத்தில் மணிக்கு 12 கிராம். நான்கு பேர் செவ்வாய்த் தரையிலிருந்து மேலே ஏறச் சுமார் 25 டன் ஆக்சிஜன் வேண்டும். 455 நாளில் அதைச் சேர்க்க மணிக்கு 2.3 கிலோ ஓயாமல் வர வேண்டும். மாக்ஸியின் உச்ச அளவைப் போல் ஏறத்தாழ 190 மடங்கு.

ஆகவே ஆலையை ஆள் இல்லாமல் 26 மாதம் முன்பே அனுப்பி, தொட்டி நிறைந்தது உறுதியான பிறகுதான் ஆட்களைக் கிளப்ப வேண்டும். மின்சாரத்துக்குச் சூரியத் தகட்டை மட்டும் நம்பாதீர்கள். செவ்வாயில் வெயில் பூமி அருகே இருப்பதில் பாதிக்கும் குறைவு. 2018-இல் கோளையே மூடிய புழுதிப் புயலில், சூரியத் தகட்டால் ஓடிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி ஜூன் 10-க்குப் பிறகு பேசவே இல்லை. அணு மின்கலம் வைத்திருந்த கியூரியாசிட்டி ஊர்தி வேலையைத் தொடர்ந்தது.

கே: நான்கு பேருக்கு மூன்று ஆண்டுச் சாப்பாடு, தண்ணீர், காற்று எவ்வளவு? – யாழ்ப்பாணம் வாசகர்

ப: நான்கு பேர், 973 நாள், ஏறத்தாழ 3,900 ஆள்–நாள் என்று வையுங்கள். பொதிப் பையோடு சேர்த்து ஒருவருக்கு நாளுக்கு 1.8 கிலோ உணவு: 7 டன். ஆக்சிஜன் 0.84 கிலோ: 3.3 டன். குடிக்கவும் உணவில் கலக்கவும் தண்ணீர் 3.5 கிலோ: 13.6 டன். குளியல், துவைப்பு இதில் சேரவில்லை.

தண்ணீரைத்தான் ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் எல்லாவற்றையும் வடித்து 98 சதவீதம் மீட்க முடிகிறது. 2023-இல்தான் அந்த அளவை எட்டினார்கள். அப்படியானால் 13.6 டன்னில் இழப்பு 270 கிலோ அளவுதான். ஆனால் அந்தக் கருவி நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்பதை வைத்துத்தான் இருப்பை முடிவு செய்ய வேண்டும். 60 நாள் பழுது பார்க்கலாம் என்றால் 840 கிலோ தனியாக வேண்டும்.

பழுது எப்படி வரும் என்பதற்கு நிஜ உதாரணம் இருக்கிறது. எடையின்மையில் எலும்பு கரைகிறது. கால்சியம் சிறுநீரில் அதிகமாக வெளியேறுகிறது. நிலையத்தின் வடிகருவியில் சிறுநீரைப் பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது கூடி, கால்சியம் சல்பேட் படிவாக உறைந்து அடைத்துக்கொண்டது. பூமியில் ஓடிய சோதனைகளில் இது தெரியவில்லை, ஏனென்றால் பூமியில் இருப்பவர்களின் எலும்பு கரையவில்லை. கலத்துக்குள் உடம்பும் இயந்திரமும் இப்படித்தான் ஒன்றையொன்று கெடுக்கும். இந்த மாதிரி ஒரு கோளாறு உங்கள் கதையில் இருந்தால், நெருக்கடிக்காக விண்கல் மோதலைத் தேடவே வேண்டியதில்லை.

காற்றில் ஆக்சிஜன் குறைவதற்கு முன்பே ஆளைக் கொல்வது கார்பன் டை ஆக்சைடு. ஒருவர் நாளுக்கு ஒரு கிலோ வெளிவிடுகிறார். லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாவால் உறிஞ்சினால் ஒரு கிலோவுக்கு 1.1 கிலோ மருந்து செலவாகும். மூன்று ஆண்டுக்கு 4 டன்னைத் தாண்டும். அதனால் நீண்ட பயணத்தில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தும் சியோலைட் (வாயுவைப் பிடித்துவைக்கும் நுண்துளைக் கனிமம்) படுகை வேண்டும். டப்பாக்களை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள், கலத்தின் எல்லாப் பகுதிக்கும் ஒரே வடிவில் வையுங்கள். 1970-இல் அப்பல்லோ 13-இல் தாய்க்கலத்தின் டப்பா சதுரம், நிலவு இறங்குகலத்தின் துளை வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, உடுப்புக் குழாய், ஒட்டுநாடா வைத்துப் பொருத்தித்தான் பிழைத்தார்கள்.

உணவில் எடையைவிட வயதே பிரச்சினை. வைட்டமின் சி, பி1 இரண்டும் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் சிதையும். ரொட்டி கூடாது, துகள் மிதந்து வடிகட்டியில் போய்ச் சேரும். சப்பாத்தி போன்ற தட்டை ரொட்டி சரிப்படும்.

கே: என் கலம் வழி முழுக்க 1 ஜி (பூமியின் ஈர்ப்பு அளவு) முடுக்கத்தில் ஓடுகிறது. எடையின்மைப் பிரச்சினையும் இல்லை, செவ்வாய்க்கு இரண்டு நாள்தான். இதில் என்ன தவறு? – சென்னை வாசகர்

ப: நாள்கணக்கு சரி. 7.8 கோடி கி.மீ. தூரத்தில் பாதி வழி முடுக்கி, பாதி வழி எதிர்த்திசையில் தள்ளி வேகம் குறைத்தால் 2.06 நாள். ஆனால் மொத்த வேக மாற்றம் வினாடிக்கு 1,750 கி.மீ. ஹைட்ரஜன் எஞ்சினின் 4.4-ஐ வைத்து அடுக்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரும் எடை, பிரபஞ்சத்தில் உள்ள பொருள் முழுவதையும் தாண்டும்.

ஆகவே முடுக்கத்தைக் குறையுங்கள். நூறில் ஒரு ஜி போதும் என்றால் பயணம் 20.6 நாள், வேக மாற்றம் 175 கி.மீ. அணுப்பிணைவு எஞ்சின், வாயு வேகம் வினாடிக்கு 1,000 கி.மீ. என்று கற்பனை செய்தால், கிளம்பும் எடை 1.19 மடங்குதான். அருமையாகத் தெரியும். இங்கேதான் அடுத்த கணக்கு வருகிறது. 1,000 டன் கலத்தை நூறில் ஒரு ஜி-யில் தள்ள 98,000 நியூட்டன் உந்துவிசை. அதை 1,000 கி.மீ. வேக வாயுவால் தர வேண்டுமானால் பீச்சுக்கு மட்டும் 49 கிகாவாட் திறன் வேண்டும். 1,000 மெகாவாட் அணுமின் உலைகள் நாற்பத்தொன்பது, ஒரே கலத்தின் வாலில்.

இதில் ஒரு சதவீதம் மட்டும் கலத்துக்குள் வெப்பமாகக் கசிந்தாலும் 490 மெகாவாட். வெற்றிடத்தில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெப்பம் ஒளியாக மட்டுமே வெளியேற வேண்டும். அறை வெப்பநிலையில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் தகடு இருபுறமும் சேர்த்துச் சுமார் 830 வாட்தான் வெளியேற்றும். 490 மெகாவாட்டுக்கு ஆறு லட்சம் சதுர மீட்டர் வேண்டும். தகட்டைச் சூடாக்கினால் நிலைமை மாறும், வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 1,200 கெல்வினில், செம்மஞ்சளாக ஒளிர்ந்தபடி, 2,300 சதுர மீட்டர் போதும். ஆக உங்கள் கலத்தின் முகத்தோற்றமே எஞ்சின் அல்ல, ஒளிரும் அந்தச் சிறகுகள்தான். அவற்றில் ஓடும் உருகிய உலோகக் குழாயில் ஓட்டை விழுந்தால் எஞ்சினை நிறுத்த வேண்டும். பாதி வழியில் எஞ்சின் நின்றால் வேகம் குறைக்க முடியாமல் செவ்வாயைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். எந்த நேரத்தில் திரும்பித் தள்ளத் தொடங்க வேண்டும் என்பதைக் கதையில் மணி, நிமிடத்தோடு குறித்துவையுங்கள்.

கே: அப்படியென்றால் கலத்தைச் சுழற்றி ஈர்ப்பு உண்டாக்கலாமா? – சேலம் வாசகி

ப: தாராளமாக. நிமிடத்துக்கு 2 சுற்று என்றால் பூமி அளவு ஈர்ப்புக்கு ஆரம் 224 மீட்டர். செவ்வாய் அளவுக்கு 85 மீட்டர். வசிப்பிடத்தையும் காலியான எரிபொருள் தொட்டியையும் நீண்ட கம்பிவடத்தில் கட்டிச் சுழற்றினால் பெரிய சக்கரம் கட்ட வேண்டாம். நிமிடத்துக்கு 4 சுற்று என்றால் 21 மீட்டரில் செவ்வாய் அளவு கிடைக்கும். ஆனால் அங்கே சுழலும் திசையில் சாதாரணமாக நடந்தாலே எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். எதிர்த்திசையில் கால் பங்குக்கு மேல் குறையும். தலையைச் சட்டென்று திருப்பினால் குமட்டும். பாதை திருத்தும் எரிப்புக்கும் மற்றக் கலத்தோடு இணைவதற்கும் சுழற்சியை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

கே: செவ்வாயிலிருந்து நாயகன் மனைவியோடு பேசுகிறான். எவ்வளவு தாமதம்? – திருநெல்வேலி வாசகர்

ப: ஒரு வழிக்கு 3 முதல் 22 நிமிடம் வரை. உரையாடல் நடக்காது, கடிதம் போலத்தான் எழுத வேண்டும். இரு கோள்களுக்கும் நடுவே சூரியன் வரும்போது சுமார் இரண்டு வாரம் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவைப்பார்கள். அது எப்போது வரும் என்பது முன்பே தெரிந்ததுதான்.

கே: சூரியப் புயல் வரும்போது எங்கே ஒளிவது? – சிங்கப்பூர் வாசகி

ப: தண்ணீருக்கும் உணவுக்கும் நடுவே. ஹைட்ரஜன் மிகுந்த பொருள்தான் புரோட்டான்களை நன்றாகத் தடுக்கும். ஈயம் இதற்குச் சரியல்ல. இரண்டு மீட்டர் கனசதுர அறையைச் சுற்றி 20 செ.மீ. தண்ணீர் என்றால் சுமார் 5.8 டன். நான்கு பேரும் ஒரு நாள், இரண்டு நாள் முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். கழிப்பறையை உள்ளேயே வையுங்கள், பலரும் விட்டுவிடுகிறார்கள். 1972 ஆகஸ்டில், அப்பல்லோ 16-க்கும் 17-க்கும் நடுவே, அப்படிப்பட்ட ஒரு பெரும் புயல் வீசியது. அப்போது நிலவுக்கு யாரும் போய்க்கொண்டிருக்கவில்லை.

நட்சத்திர வெளியிலிருந்து எப்போதும் வரும் அண்டக்கதிர் வேறு விஷயம். அதை இந்த அறை நிறுத்தாது. கியூரியாசிட்டி போகும் வழியில் அளந்தது நாளுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடம்பு ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), செவ்வாய்த் தரையில் 0.64. 518 நாள் பயணத்துக்கும் 455 நாள் தங்கலுக்கும் கூட்டினால் 1,200-ஐத் தாண்டுகிறது. நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுக்க அனுமதிக்கும் அளவு 600. உங்கள் கதையில் யாரோ இந்த விதியைத் தளர்த்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அது யார் என்று எழுதுங்கள்.

கே: அபாயமணி கேட்டதும் நாயகி உடுப்பை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் வெளியே குதிக்கிறாள். சரியா? – திருச்சி வாசகர்

ப: கலத்துக்குள் பூமியைப் போல் 101 கிலோபாஸ்கல் காற்றழுத்தம் என்றால் சரியல்ல. விண்வெளி உடுப்புக்குள் சுமார் 30 கிலோபாஸ்கல்தான், அதுவும் தூய ஆக்சிஜன். அதற்கு மேல் ஏற்றினால் விரலை மடக்கக்கூட முடியாது. திடீரென்று அழுத்தம் குறைந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டில் வலிக்கும். மோசமானால் மூளையைத் தாக்கும். அதனால் வெளியே போகுமுன் தூய ஆக்சிஜனை மணிக்கணக்கில் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றுவார்கள். நேராக 101-லிருந்து இறங்கினால் சுமார் 4 மணி நேரம். முந்தின நாளே அறை அழுத்தத்தை 70-க்குக் குறைத்துவைத்தால் அந்த நேரம் வெகுவாகக் குறையும்.

அவள் உடனே குதித்தே ஆக வேண்டுமானால், கலத்தின் அழுத்தத்தை முதல் பக்கத்திலேயே 34 கிலோபாஸ்கல் என்று வைத்துவிடுங்கள். 70 சதவீதம் ஆக்சிஜன், மீதி நைட்ரஜன். 1973-74-இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. அப்போது காத்திருப்பு தேவையில்லை. பதிலுக்குச் சில சங்கடங்களை ஏற்க வேண்டும். தீ எளிதில் பற்றும், ஆகவே துணியும் திரையும் தீப்பற்றாத வகையில் இருக்க வேண்டும். மெல்லிய காற்றில் குரல் தூரம் போகாது. ஸ்கைலாப் வீரர்கள் சில மீட்டர் தள்ளி இருந்தாலே கத்த வேண்டியிருந்தது. விசிறியால் மின்கருவிகளைக் குளிர்விப்பது கடினமாகும். தண்ணீர் 72 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், சமையல் காட்சி வைத்திருந்தால் பிரஷர் குக்கரும் வையுங்கள்.